ஒத்த ஆள் லைட்வெயிட் டென்ட்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

என்கிட்ட ஒரு ஒத்த ஆள் டென்ட் இருக்கு. உள்ள கொசுவலைல ஒரு சின்ன ரூம், அதுக்கு மேல மழை ஷீட், நடுவுல நிக்க வைக்க தனியா போல், அதாவது டென்ட்டோட வர்ற கம்பி, எதுவும் கிடையாது, நடக்கும்போது கையில ஊன்றிக்கிட்டு வர்ற ட்ரெக்கிங் கம்புதான் ராத்திரி தூணா மாறும். ரெண்டு வருஷமா நாப்பது ராத்திரிக்கு மேல இதுல படுத்தாச்சு, அதுல நல்லா தூங்குனது ஒரு முப்பது இருக்கும். நண்பர்கள் இரவல் வாங்கிட்டுப் போறப்பவும் சரி, சொந்தமா ஒண்ணு வாங்கலாமான்னு யோசிக்கிறப்பவும் சரி, திரும்பத் திரும்ப அதே கேள்விதான் வருது, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதான் மொத்தமா எழுதி வச்சுட்டேன். வரிசை எல்லாம் பாக்காதீங்க, ஞாபகம் வந்த மாதிரி வந்திருக்கு.

லைட்வெயிட்னா எவ்ளோ கிராம்?

அதுக்குன்னு சட்டம் எதுவும் இல்ல. ஒரு ஆள் டென்ட் ஒண்ணரை கிலோவுக்குக் கீழ இருந்தா லைட்டுன்னு சொல்லுவாங்க, ஒரு கிலோவுக்குக் கீழ போயிட்டா அல்ட்ராலைட்னு பெருமையா சொல்லிக்குவாங்க, அரைக் கிலோ பக்கத்துல இருக்கறதும் உண்டு. ஆனா கீழ போகப் போக ஏதாவது ஒண்ண விட்டுக் குடுக்கணும், படுக்கற இடம், இல்ல துணியோட கனம், இல்ல உங்க பர்ஸ்.

லேபிள்ல போட்டிருக்கற எடைய நம்பலாமா?

பொய் சொல்றாங்கன்னு சொல்ல மாட்டேன், ஆனா பாதி உண்மைதான் சொல்றாங்க. என் டென்ட் அட்டையில 780 கிராம்னு போட்டிருந்துச்சு. வீட்டுக்கு வந்து சமையக்கட்டு தராசுல வச்சேன், 780 சரியா இருந்துச்சு, அது வெறும் துணி மட்டும். அப்புறம் எட்டு பெக், அதாவது தரையில அடிக்கற முளை, ஒண்ணு 12 கிராம், மொத்தம் 96. திணிச்சு வைக்கற பை 22. தண்ணி கசியாம இருக்க தையல்ல நானே பூசுன சிலிக்கான் 28. காத்துக்குக் கட்ட எக்ஸ்ட்ரா கயிறு 18. அடில விரிக்கற ஷீட் 60. கூட்டிப் பாருங்க, 1,004 கிராம். முதுகு சுமக்கறது 780 இல்ல, இந்த 1,004. இதுல ட்ரெக்கிங் கம்பை சேக்கல, ஏன்னா அது எப்படியும் கையில இருக்கப் போகுது, ஆனா கம்பே வச்சு நடக்காத ஆளுன்னா அதையும் கூட்டணும், இல்லன்னா டென்ட்டுக்குன்னே தனியா விக்கற மடக்குக் கம்பு வாங்கணும். அதனால ரெண்டு டென்ட்டை ஒப்பிடும்போது ரெண்டுக்கும் பெக், பை, கயிறு எல்லாம் சேந்த கணக்கா எடுத்து ஒப்பிடுங்க. ஒரு கம்பெனி பெக், பை எல்லாம் விட்டுட்டு குறைஞ்சபட்ச எடைன்னு போடும், இன்னொண்ணு எல்லாம் சேத்து பேக் பண்ண எடைன்னு போடும், ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்து ஏமாந்தவங்க நிறைய பேரு, நானும்தான்.

ஒரு ஆள் டென்ட்ல உண்மையிலயே ஒரு ஆள் படுக்க முடியுமா?

முடியும், ஆனா எந்த ஆளுங்கறது முக்கியம். தரை நீளம் 220 சென்டிமீட்டர்னு போட்டிருப்பாங்க, நான் 178, அப்ப 42 மிச்சம் இருக்குன்னு நெனச்சேன். சுவர் நேரா நிக்கிற ரூமா இருந்தா அந்தக் கணக்கு சரி. இந்த டென்ட்டுக்கு சுவர் சாய்வு, தலைமாட்டுலயும் கால்மாட்டுலயும் துணி தரையை நோக்கி இறங்கி வரும், நீங்க படுக்கறதோ தரையில இல்ல, எட்டு சென்டிமீட்டர் காத்தடிச்ச மேட் மேல, அதுக்கு மேல புஸ்ஸுன்னு உப்புன ஸ்லீப்பிங் பேக், அதுக்குள்ள உங்க கால் விரல் மேல் நோக்கி. அந்த உயரத்துல உங்களுக்குக் கிடைக்கற நீளம் 220 இல்ல, 190 கூட இருக்காது. கால் பக்கம் பேக் துணியை இடிச்சுக்கிட்டே இருந்தா காலையில அந்த நுனி ஈரமாத்தான் இருக்கும்.

அதனால வாங்கறதுக்கு முன்னாடி, இல்ல திருப்பிக் குடுக்கற தேதி முடியறதுக்கு முன்னாடி, உங்க மேட்டையும் பேக்கையும் உள்ள போட்டு படுத்துப் பாருங்க. சும்மா படுத்தா போதாது. ஒருக்களிச்சு படுங்க, எழுந்து உக்காருங்க, தலை இடிக்குதான்னு பாருங்க, உள்ளயே பேன்ட் மாத்திப் பாருங்க. பேன்ட் மாத்தறதுதான் நல்ல பரீட்சை, அதுல பாஸ் ஆனா மத்ததெல்லாம் பாத்துக்கலாம். அகலமான மேட் வச்சிருக்கறவங்க இன்னும் கவனமா இருங்க, சாதா மேட் 51 சென்டிமீட்டர், அகல மேட் 63 சென்டிமீட்டர், சில டென்ட்டு கால்மாட்டுல கூம்பிப் போயிருக்கும், அங்க அகல மேட் சுருண்டு நிக்கும்.

தானா நிக்கிற டென்ட் நல்லதா, ட்ரெக்கிங் கம்பு டென்ட் நல்லதா?

தானா நிக்கறது வசதி. போலை கோத்தா நின்னுரும், பாறை மேலயும் போடலாம், போட்ட இடம் சரியில்லன்னா அப்படியே தூக்கிட்டுப் போய் நாலடி தள்ளி வைக்கலாம். கம்பு டென்ட்டுல பெக் இறங்கலன்னா டென்ட்டே இல்ல, ஒரு பெக் பிடுங்கிக்கிச்சுன்னா அந்தப் பக்கம் பூரா மூஞ்சில விழும். ஆனா அந்தப் போல் மட்டுமே 300, 400 கிராம் வரும், அதை நாள் பூரா சுமக்கணும். மண்ணுல, புல்லுல படுக்கறவங்களுக்கு கம்பு டென்ட், பெரும்பாலும் பாறையிலயும் மரப்பலகை மேடையிலயும் படுக்கப் போறவங்களுக்கு தானா நிக்கறது. நான் முதல் வகை. ஒரு விஷயம், கம்பை முறுக்கிப் பூட்டற மாடல்னா ராத்திரி பாரம் தாங்காம மெதுவா உள்ள இறங்கிரும், கிளிப் மாதிரி மடக்கிப் பூட்டற மாடல் பரவால்ல.

காலையில எந்திரிச்சா உள்பக்கம் பூரா தண்ணி, டென்ட் ஒழுகுதா?

இந்தப் பக்கத்துல அதிகமா வந்த கேள்வி இதுதான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். ராத்திரி மழையே பெய்யலன்னா ஒழுகல, டென்ட் வேர்த்திருக்கு. நீங்க தூங்கும்போது மூச்சுலயும் தோல்லயும் ஒரு டம்ளர் தண்ணிக்குக் குறையாம வெளிய விடுறீங்க, அது ஆவியா உள்ள சுத்துது. வெளிய வானம் தெளிவா இருந்தா டென்ட்டோட மேல் துணி தன் சூட்டை வானத்தைப் பாத்து விட்டுட்டே இருக்கும், அதனால சுத்தி இருக்கற காத்தை விடவும் துணி குளுந்து போகும், உங்க மூச்சு அந்தக் குளுந்த துணியில பட்டதும் சொட்டாயிரும். குளுந்த தண்ணி பாட்டிலுக்கு வெளிய வேர்க்குதே, அதே சமாச்சாரம்தான். துணிக்குத் தண்ணி உள்ள வராத மாதிரி பூச்சு போட்டிருக்கான், அப்ப உள்ள இருக்கற ஆவியும் அது வழியா வெளிய போகாது, இதுக்கு டென்ட்டைக் குறை சொல்லி பிரயோஜனம் இல்ல.

முழுசா நிறுத்த முடியாது, குறைக்கலாம். கதவை மழை இல்லாதப்ப சுருட்டி கட்டிட்டு தூங்குங்க, கொசுவலை மட்டும் மூடுனா போதும். மேல சின்ன ஜன்னல் இருந்தா அதை எப்பவும் திறந்து வைங்க. மேல் ஷீட்டோட அடி விளிம்பு தரையை தொடாம ஒரு சாண் தூக்கி இருக்கட்டும், கீழ இருந்து காத்து உள்ள வந்து மேல போகணும். மரத்தடியில போட்டா துணி வானத்தைப் பாக்காது, இலையைத்தான் பாக்கும், அதனால அவ்ளோ குளுராது, வெட்டவெளியில போட்டவன் டென்ட்டு சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கும்போது பக்கத்துல மரத்தடியில இருக்கறவன் டென்ட்டு காஞ்சு கிடக்கறத நானே பாத்திருக்கேன். ஓடைக்குப் பக்கத்துலயும் பள்ளத்துலயும் போடாதீங்க, குளுந்த காத்து தண்ணி மாதிரி கீழதான் இறங்கி தேங்கும், அங்க ஈரமும் ஜாஸ்தி. ஈரத் துணியை உள்ள கொண்டு போய் காய வைக்காதீங்க. அவ்ளோதான். மிச்சத்துக்கு ஒரு சின்ன துண்டு, காலையில கண்ணு முழிச்சதும் துடைச்சிருங்க.

அப்ப ரெண்டு சுவர் டென்ட்தான் வாங்கணுமா?

ஒத்தச் சுவர்னா ஒரே துணிதான், அதுல வேர்த்தது நேரா உங்க மேல படும். ரெண்டு சுவர்னா மேல் ஷீட்டு வேர்க்கும், நடுவுல கொசுவலை ரூம் இருக்கறதால நீங்க அதைத் தொட மாட்டீங்க, சொட்டு விழுந்தாலும் வலையில பட்டு உடைஞ்சுரும். ஒத்தச் சுவர் 100, 200 கிராம் குறையும். எனக்கு முதல்ல ஒருத்தர் இரவல் குடுத்தது ஒத்தச் சுவர், மூணு ராத்திரி தொடர்ந்து குளிர், தூவல் இறகு வச்ச ஸ்லீப்பிங் பேக் கால் பக்கம் நனைஞ்சு கட்டியாயிருச்சு, இறகு நனைஞ்சா சூடு குடுக்காது, மூணாவது ராத்திரி எல்லா டிரஸ்ஸும் போட்டுக்கிட்டு விடிய விடிய உக்காந்திருந்தேன். வறண்ட ஊர்ல நடக்கறவங்களுக்கு ஒத்தச் சுவர் தாராளமா போதும். எனக்கு அந்த 200 கிராம் சுமக்கறதுல வருத்தமே இல்ல.

துணி எது நல்லது? சில்நைலான், சில்பாலி, டைனீமான்னு என்னென்னமோ சொல்றாங்களே?

சில்நைலான்னா நைலான் துணிக்கு ரெண்டு பக்கமும் சிலிக்கான் பூச்சு. கிழியறதுக்கு லேசுல விடாது. ஆனா நைலான் தண்ணி குடிக்கும், குடிச்சா நீளும், சாயங்காலம் முரசு மாதிரி இழுத்துக் கட்டுன டென்ட் ராத்திரி மழையில தொங்கிப் போய் மூஞ்சிக்கு வந்துரும், நடுராத்திரி ஒரு தடவை வெளிய வந்து இழுத்துக் கட்டணும். சில்பாலின்னா அதே பூச்சு பாலியஸ்டர் மேல. பாலியஸ்டர் தண்ணி குடிக்கறது ரொம்பக் கம்மி, அதனால தொங்காது, வெயிலையும் நைலானை விட நல்லா தாங்கும், கிழியற விஷயத்துல மட்டும் நைலானுக்கு ஒரு படி கீழ. என்னோடது சில்பாலி, படுக்கப் போறதுக்கு முன்னாடி கட்டுன கயிறு காலைல அப்படியே இருக்கும், அந்த சோம்பேறித்தனத்துக்காகவே நான் இதைத்தான் சொல்லுவேன்.

டைனீமாங்கறது நெய்த துணியே இல்ல, ரொம்ப உறுதியான நாரை ரெண்டு மெல்லிசு பிளாஸ்டிக் ஷீட்டுக்கு நடுவுல வச்சு ஒட்டுனது. முதல்ல இதுக்கு க்யூபன் ஃபைபர்னு பேரு, பாய்மரப் படகுக்குப் பாய் பண்றதுக்காக வந்த சரக்கு, அப்புறம்தான் டென்ட்டுக்கு வந்துச்சு. தண்ணியே குடிக்காது, நீளாது, எடை பாதிதான், விலை ரெண்டு மூணு மடங்கு. நீளாதுங்கறதே சில சமயம் தொந்தரவு, மத்த துணி கொஞ்சம் கோணலா போட்டாலும் இழுத்து சமாளிச்சுக்கும், இது சமாளிக்காது, கோணலா போட்டா கோணலாத்தான் நிக்கும். இழுத்தா கிழியாது, ஆனா கூர்மையா குத்துனா ஓட்டை விழும், உரசுனா தேயும். சூட்டையும் தாங்காது, நைலான் உருக 200 டிகிரிக்கு மேல வேணும், இந்த நார் 150 டிகிரி கிட்டயே உருகிரும். அப்புறம் வெளிச்சத்துக்கு லேசா கண்ணாடி மாதிரி, உள்ள டார்ச் போட்டா நிழலாட்டம் ஓடும், வெக்கப்படறவங்க யோசிச்சுக்கோங்க.

20டி, 1,500 மில்லிமீட்டர், இந்த நம்பரெல்லாம் என்ன?

டின்னா டெனியர், 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடைங்கற கணக்கு. 20 டெனியர்னா அவ்ளோ நீள நூல் 20 கிராம்தான், யோசிச்சுப் பாருங்க எவ்ளோ மெல்லிசுன்னு. இந்த மாதிரி டென்ட்டுல 10ல இருந்து 30 வரைக்கும் பாக்கலாம், 10 எல்லாம் கைய வைக்கவே பயமா இருக்கும். மில்லிமீட்டர்ங்கறது துணி மேல எத்தனை உயரத்துக்குத் தண்ணி நிறுத்துனா கசிய ஆரம்பிக்கும்னு. மேல் ஷீட்டுக்கு 1,200, 1,500 இருந்தாலே மழைக்குப் போதும். தரைக்கு அதை விட ஜாஸ்தி வேணும், ஏன்னா நீங்க முட்டி ஊன்றும்போது அந்த ஒரு இடத்துல மொத்த பாரமும் ஈரத் தரையை அழுத்துது. நம்பர் பெருசுங்கறதுக்காக மட்டும் வாங்காதீங்க, பூச்சு தேஞ்சா அந்த நம்பரும் இறங்கிரும்.

முதல் தடவை எங்க போட்டுப் பாக்கறது?

தயவு செஞ்சு மலை மேல வேண்டாம். நான் அப்படித்தான் பண்ணேன். வாங்குன டென்ட்டைப் பிரிக்காமயே பேக்ல போட்டுட்டு போயாச்சு, வீடியோல பாத்தா ரெண்டு நிமிஷத்துல போட்டுட்டான், நமக்கு அஞ்சு நிமிஷம் ஆகுமான்னு ஒரு நெனப்பு. போய்ச் சேந்தப்ப இருட்டிருச்சு, தூறல் வேற, எது முன்பக்கம் எது பின்பக்கம்னே தெரியல, நாலு மூலையையும் அடிச்சு கம்பை நிறுத்துனா ஒரு பக்கம் சுவர் மாதிரி டைட்டா இருக்கு, இன்னொரு பக்கம் காயப்போட்ட வேட்டி மாதிரி ஆடுது. நாப்பது நிமிஷம். கடைசில கதவுப் பக்கத்தை மேட்டுக்கு வச்சுட்டேன்னு காலையிலதான் தெரிஞ்சுது, ஏன்னா மேட்டுல இருந்து வந்த தண்ணி நேரா வாசலுக்கு வந்திருந்துச்சு, ஷூ மிதந்துக்கிட்டு இருந்துச்சு.

அதனால வீட்டுக்குப் பக்கத்துல ஏதாவது மண்தரை, புல்தரை பாத்து போடுங்க. சிமெண்ட் தரையில கம்பு டென்ட் போடறது கஷ்டம், நாலு மூலைக்கும் தண்ணி கேனோ செங்கல்லோ கட்டித்தான் நிறுத்தணும், அதுவும் ஒரு பாடம்தான். முதல் நாள் பகல்ல மெதுவா ரெண்டு தடவை. அடுத்து இருட்டுல, தலையில கட்டற லைட் மட்டும் வச்சு. அடுத்தது கண்டிப்பா மழையில, மழை வரலன்னா தண்ணிக் குழாயைப் புடிச்சு கால் மணி நேரம் மேல ஊத்துங்க, உள்ள ஒரு ஆள் டார்ச்சோட உக்காந்து தையலைப் பாக்கட்டும். அப்புறம் ஒரு ராத்திரி முழுசா அதுல தூங்குங்க. பிடிக்கலன்னா எந்திரிச்சு வீட்டுக்குள்ள போயிடலாம், காட்டுல அந்த வசதி இல்ல.

போடறதுல ஏதாவது வரிசை இருக்கா?

மாடலுக்கு மாடல் மாறும், ஆனா பொதுவா நான் பண்றது இது. முதல்ல தரையில படுத்துப் பாக்கறேன், சரிவு எந்தப் பக்கம்னு முதுகுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. தலை மேட்டுப் பக்கம். கதவு காத்துக்கு எதிர்ப்பக்கம், அதாவது காத்து டென்ட்டோட முதுகுல, இல்ல ஒடுக்கமான கால்மாட்டுல அடிக்கணும். மூலைகளை செவ்வகமோ அறுகோணமோ அந்த மாடல் கேக்குற வடிவத்துல அடிச்சுட்டு, ரொம்ப இழுக்காம விட்டுட்டு, கம்பை உள்ள நிறுத்தி உயரத்தை ஏத்துறேன், அப்பதான் எல்லாப் பக்கமும் இழுவை வருது. என் டென்ட்டுக்கு 120 சென்டிமீட்டர், கம்புல அந்த அளவுக்கு ஒரு டேப் ஒட்டி வச்சிருக்கேன், இருட்டுல தடவிப் பாத்தே வச்சுருவேன். கடைசியா ஒரு சுத்து சுத்தி வந்து கயிறெல்லாம் இழுத்து விடணும், படுக்கப் போறப்ப இன்னொரு சுத்து. சுருக்கம் விழுந்த துணிதான் காத்துல படபடன்னு அடிச்சு தூங்க விடாம பண்ணும்.

பெக் தரையில இறங்கவே மாட்டேங்குது, என்ன பண்ண?

முதல்ல ஒரு சாண் தள்ளி அடிங்க, பெரும்பாலும் அடில ஒரு கல்லுதான் இருக்கும். மெல்லிசு கம்பி பெக் கல் தரையில சந்துல நுழையும், ஆனா மெத்து மண்ணுல நிக்காது. ஒய் வடிவ அலுமினிய பெக் மண்ணுல நல்லா பிடிக்கும். நான் ரெண்டையும் கலந்து வச்சிருக்கேன், பாரம் அதிகமா வர்ற ரெண்டு இடத்துக்கு ஒய், மத்ததுக்கு கம்பி. சுத்தமா இறங்கலன்னா பெரிய கல்லு சின்ன கல்லு வேலை. கயித்தை நீளமா விட்டு அதோட நுனியை ஒரு சின்னக் கல்லுல, இல்ல பெக்குலயே கட்டி, அதுக்கு முன்னால டென்ட் பக்கமா கயித்து மேல ஒரு பெரிய கல்லை வச்சிருங்க. கயிறு இழுக்கும்போது சின்னக் கல்லு பெரிய கல்லுல போய் மாட்டிக்கும், அசையாது. பெரிய கல்லுல நேரா கயிறு கட்டாதீங்க, உரசி அறுந்துரும். மணல்னா ஒரு பைல மணலை நெரப்பி கயிறு கட்டி புதைச்சிருங்க.

காத்துக்கு தாங்குமா?

ஒழுங்கா கட்டுனா நீங்க நெனக்கறத விட தாங்கும். ஒரு ராத்திரி ஒரு கணவாய்க்குக் கீழ படுத்திருந்தேன், நடுராத்திரி காத்து திசை மாறிருச்சு, முதுகுல அடிச்சிட்டு இருந்தது கதவுப் பக்கம் வந்துருச்சு, ஒவ்வொரு வீச்சுக்கும் துணி உள்ள வந்து என் தோளைத் தொட்டுட்டுப் போகுது, கம்பு வளையறது தெரியுது. அப்பதான் ஒரு பெக் டங்குன்னு பிடுங்கிக்கிட்டு பறந்துச்சு, பாதி டென்ட் என் மேல. உள்ள இருந்துக்கிட்டே ஒரு கையால கம்பைப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால ஷூவைப் போட்டு, வெளிய வந்து தேடுனா பெக் கிடைக்கல. ஸ்பேர் பெக் ஒண்ணு எப்பவும் பேக்ல இருக்குறதுக்கு அந்த ராத்திரிதான் காரணம். இப்ப காத்து வரும்னு தோணுனா சுவர் நடுவுல இருக்கற கொக்கியிலயும் எக்ஸ்ட்ரா கயிறு கட்டி, எல்லா பெக் மேலயும் ஒரு கல்லு வச்சுட்டுத்தான் படுக்கறது. அதை விட நல்ல வழி இன்னும் கொஞ்சம் கீழ இறங்கி புதர் மறைவுல போடறது. கவனம், மரத்தடின்னா மேல காஞ்ச கிளை தொங்குதான்னு நிமிந்து பாத்துட்டு போடுங்க, காத்துல விழறது அதுதான்.

மழை பெய்யும்போது போட்டா உள்ள நனையாதா?

இதை வாங்கறதுக்கு முன்னாடியே பாக்கணும். சில டென்ட்டுல முதல்ல உள் ரூமை நிறுத்திட்டு அப்புறம் மேல் ஷீட்டைப் போத்தணும், மழைன்னா அதுக்குள்ள ரூம் குளமாயிரும். சிலதுல மேல் ஷீட்டை முதல்ல நிறுத்திட்டு அடில பூந்து உள் ரூமை மாட்டலாம், இல்ல ரெண்டும் சேந்தே நிக்கும். மழை ஊருக்குப் போறவங்களுக்கு ரெண்டாவதுதான் சரி. கழட்டும்போது தலைகீழ் வரிசை, உள்ள உக்காந்தே எல்லாத்தையும் பேக் பண்ணிட்டு, காஞ்ச ரூமைக் கழட்டி தனிப் பையில போட்டுட்டு, கடைசியா ஈர ஷீட்டை உதறி வெளிப் பாக்கெட்ல திணிக்கணும். ரெண்டையும் ஒண்ணா சுருட்டுனா அடுத்த ராத்திரி ரெண்டும் ஈரம்.

புது டென்ட்லயே தையல் வழியா தண்ணி வருது, இது டிஃபெக்ட்டா?

இருக்கலாம், ஆனா முதல்ல அட்டையைப் படிங்க. ரெண்டு பக்கமும் சிலிக்கான் பூசுன துணியில டேப் ஒட்டாது, அதனால சில கம்பெனிங்க தையலை அப்படியே விட்டுட்டு நீங்களே பூசிக்கங்கன்னு சொல்லிருவாங்க. என்னோடது அப்படி வந்ததுதான், சிலிக்கான் சீலரை தையல் மேல மெல்லிசா பிரஷ்ஷால பூசி, டென்ட்டை இழுத்துக் கட்டுன நிலையிலயே ஒரு நாள் காய விட்டேன். ஒரு சாயங்கால வேலை. காஞ்சதும் மாவு மாதிரி பவுடர் கொஞ்சம் தூவி விட்டா மடிக்கும்போது ஒட்டிக்காது. மிச்சம் இருந்த சிலிக்கானை தரையில பொட்டு பொட்டா வச்சேன், இல்லன்னா மேட் ராத்திரி சறுக்கிக்கிட்டே கால்மாட்டுக்குப் போகும்.

அடில தனியா ஷீட் வேணுமா?

கண்டிப்பா இல்ல. முள்ளு, கூர்கல்லு இருக்கற தரைன்னா வைங்க. வச்சா டென்ட் தரையை விட ரெண்டு விரல் உள்ளதான் இருக்கணும், வெளிய நீட்டிட்டு இருந்தா மேல இருந்து ஒழுகற மழையைப் புடிச்சு உங்க அடிக்கே கொண்டு வந்து விட்டுரும்.

உள்ள அடுப்பு வைக்கலாமா?

கூடாது. துணி தீப்புடிக்கும், அதை விட மோசம் கார்பன் மோனாக்சைடு, வாசனையே இருக்காது, தூக்கம் வர்ற மாதிரிதான் இருக்கும். இந்த சைஸ் டென்ட்டுல வெளித் திண்ணைல, அதாவது மேல் ஷீட்டுக்கு அடியில கதவுப் பக்கம் இருக்கற இடத்துல, வச்சாலும் துணிக்கும் தீக்கும் நடுவுல ஒரு முழம்கூட கிடையாது. மழைன்னா அன்னிக்கு சமைக்காம சாப்பிடற ஏதாவது.

வெறும் தார்ப்பாய் போதாதா, எதுக்கு டென்ட்?

போதும்னு சொல்றவங்க இருக்காங்க, அவங்க சொல்றது தப்பும் இல்ல. எம்மா கேட்வுட்னு ஒரு பாட்டி, 1955ல 67 வயசுல அமெரிக்காவுல அப்பலாச்சியன் பாதையை தனியா நடந்து முடிச்சாங்க, 3,000 கிலோமீட்டருக்கு மேல, அவங்ககிட்ட டென்ட்டே கிடையாது, மழைக்கு குளியலறையில தொங்கவிடற திரைச்சீலைதான் வச்சிருந்தாங்க. நான் அந்தப் பாட்டி இல்ல, எனக்கு கொசு கடிச்சா தூக்கம் வராது. வலை ரூம் வேணும்னா டென்ட், வேண்டாம்னா தார்ப்பாய், கொசு இல்லாத சீசன்ல நானே வலையை வீட்டுல விட்டுட்டு மேல் ஷீட்டை மட்டும் எடுத்துட்டுப் போயிருக்கேன், 350 கிராம் மிச்சம்.

தனியா படுக்க பயமா இருக்காதா?

முதல் ரெண்டு மூணு ராத்திரி இருந்துச்சு. மெல்லிசு துணிக்கு அந்தப் பக்கம் ஒரு எலி ஓடுனாலும் யானை வர்ற மாதிரி கேக்கும். அப்புறம் பழகிருச்சு. சாப்பாடு உள்ள வச்சுக்காதீங்க, அந்தப் பக்கம் என்ன மிருகம் இருக்குன்னு விசாரிச்சுக்கோங்க, எங்க படுக்கப் போறோம்னு வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போங்க.

சுருட்டி வைக்கணுமா, திணிச்சு வைக்கணுமா?

சில்நைலான், சில்பாலின்னா திணிங்க, ஒரே இடத்துல மடிப்பு விழாது. டைனீமான்னா தளர்வா சுருட்டுங்க, கசக்குனா அதுக்கு ஆகாது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை பிரிச்சு நிழல்ல காயப் போடறது, வெயில்ல நாள் கணக்கா போட்டா துணி மக்கிரும். ஈரமா ரெண்டு நாள் பையிலயே விட்டா பூசணம், அந்தக் கருப்புப் புள்ளி போகவே போகாது. வாஷிங் மெஷின் பக்கமே கொண்டு போகாதீங்க, வெதுவெதுப்பான தண்ணி, கொஞ்சம் சோப்பு, ஸ்பான்ஜு. பழைய டென்ட் பிசுபிசுன்னு ஒரு நாத்தம் அடிச்சா அது சில டென்ட்டுல சிலிக்கானுக்குப் பதிலா போடற பாலியூரித்தேன் பூச்சு ஈரத்துல சிதைஞ்சது, அதைக் காப்பாத்த முடியாது.

கிழிஞ்சா? ஜிப் போயிட்டா?

ரெண்டு பக்கமும் ஒட்டு போட ரிப்பேர் டேப் ஒரு சாண் எடுத்துட்டுப் போங்க. மூலையை வட்டமா வெட்டி ஒட்டுங்க, கூர் மூலை உரிஞ்சுக்கிட்டு வரும். சிலிக்கான் துணின்னா சிலிக்கானுக்குன்னு வர்ற டேப்தான் ஒட்டும், சாதா டேப் ரெண்டு மணி நேரத்துல விழுந்துரும், வாங்கும்போது பாத்து வாங்குங்க. ஜிப் மூடுனாலும் பின்னாடியே பிளந்துட்டு வந்தா பல்லு போகல, அதை இழுக்கற தலை மணல் பட்டு தேஞ்சு வாய் அகண்டுருச்சு. சின்ன பிளையர் வச்சு தலையோட ரெண்டு பக்கத்தையும் லேசா, ரொம்ப லேசா, அமுக்கி விட்டா இன்னும் ஒரு சீசன் ஓடும். அழுத்தி அமுக்கினா உடைஞ்சுரும், ஒண்ணு அப்படி உடைச்சிருக்கேன்.

முதல் டென்ட்டே இந்த மாதிரி வாங்கலாமா?

வருஷத்துக்கு ஒரு ட்ரிப், அதுவும் வண்டி நிக்கற இடத்துலயே படுக்கறதுன்னா வேண்டாம், கனமான டென்ட் மலிவு, இடமும் தாராளம். நாலஞ்சு நாள் தொடர்ந்து முதுகுல சுமந்து நடக்கறவங்களுக்கு வாங்கலாம், ஆனா யார்கிட்டயாவது இரவல் வாங்கி ஒரு மழை ராத்திரி தூங்கிப் பாத்துட்டு.

அப்ப உங்க டென்ட்டை இரவல் குடுப்பீங்களா?

குடுக்கறேன், இப்பவும் அது வெளியதான் போயிருக்கு. ஜிப்பை ஒத்தக் கையால வெடுக்குன்னு இழுக்காதீங்க, ஒரு கையால துணியைப் புடிச்சுக்கிட்டு இழுங்க. எட்டு பெக்கும் ஸ்பேர் ஒண்ணும், எண்ணிட்டுத்தான் தருவேன், எண்ணிட்டுத்தான் வாங்குவேன். காய வச்சுட்டுக் குடுங்க.